மகிழடிச் சத்தியம்

ஒருவன் கொடுத்த வாக்கு அவனைப் பிணிப்பது சொல்லாலா, மனத்தாலா, அன்றி அதைச் சொன்ன இடத்தாலா என்னும் தர்ம விசாரத்துக்கு, திருவொற்றியூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கும் வரலாற்றைக் காட்டிலும் ஆழமான உதாரணம் நம் சமய இலக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, விவாகத்தை மறுத்து, ஒற்றியூர்க் கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்குப் பூமாலை தொடுப்பதையே வாழ்வின் காரியமாகக் கொண்டிருந்த சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், ‘பிரியேன்’ என்று ஆணையிட நேர்ந்தபோது, தாம் சந்நிதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் அங்கிராமல் மகிழ மரத்தடிக்குச் சென்றுவிட வேண்டுமென்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். அதற்கு இசைந்த இறைவனோ, மகிழின் கீழேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிட்டார். வேறு வழியின்றி மகிழடியில் செய்த அந்தச் சத்தியத்தை மறந்து, திருவாரூர் வசந்த விழாவின் நினைவு உந்த ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது சுந்தரர் கண்ணொளி இழந்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெறுகிறது.

அடியார்கள் இதனை இறைவனின் திருவிளையாடல் என்பர். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பிணிக்கும் இடத்தில் கொடுக்கப்படாத வாக்கு வாக்கே அன்று என்னும் தத்துவமும் இதனுள் இருக்கிறது. விஞ்ஞானமும் பொறியியலும் கற்பிக்கும் நம் கல்லூரிகள் பெண்களுக்குச் சமத்துவத்தை எங்கே வாக்களிக்கின்றன? ஆண்டறிக்கையிலும் மகளிர் தின மேடையிலும். அவை தெய்வம் எழுந்து சென்றுவிட்ட சந்நிதிகள். ஆய்வுக்கூடத்தின் இடப் பங்கீடு, பதவி உயர்வுக்கான ஆண்டுக் கணக்கு, துறைக் கூட்டத்தின் நேரம் ஆகியவையே மகிழடி. அங்கே எவரும் ஆணையிடுவதில்லை.

இராயபுரத்திலோ எண்ணூரிலோ குடியிருந்துகொண்டு, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டிக் கிண்டிக்கோ தரமணிக்கோ நாள்தோறும் சென்று வரும் நாற்பது வயதுப் பேராசிரியை ஒருவரை எண்ணிப் பாருங்கள். முனைவர் பட்டமும் உத்தியோகமும் பெறுகையில் அவரைப் பாராட்டியவர்கள் பலர். குழந்தையின் பரீட்சையும் மாமியாரின் நோயும் ஒருங்கே வந்து சேரும் வயதில், விடுதிக் காப்பாளர் பொறுப்பும் நாக் (NAAC) தர மதிப்பீட்டுக் குழுவின் கோப்பு வேலையும் அவர் தலையிலேயே சுமத்தப்பட, ஆராய்ச்சி ஓராண்டு தடைப்பட்டு, இணைப் பேராசிரியர் பதவி இன்னொருவருக்குப் போகும்போது அவர் அருகில் நிற்பவர் எவருமில்லை. அவர் உத்தியோகத்தை விடாமலிருக்கலாம். ஆனால் விஞ்ஞானத்தை விட்டுவிடுகிறார்.

ஞானம் என்பது தவம், தவத்துக்கு இயலாதவர் விலகுவது இயற்கை என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஆனால் எந்தத் தவம் பிறர் தாங்காமல் நடந்தது? இதே ஒற்றியூர்க் கோயிலில் பாணினியின் இலக்கணம் பயிற்றுவிக்க வியாகரண மண்டபம் இருந்ததையும், அதைப் பராமரிக்க நிலம் தானமாக விடப்பட்டதையும் சோழர் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. இலக்கணம் ஓதியவர்களின் சோற்றுக்கு ஊர் பொறுப்பேற்றது. இக்காலத்து ஆண் விஞ்ஞானியின் தவத்துக்கோ பெரும்பாலும் அவர் மனைவியே நிலதானம் செய்துவிடுகிறார்.

பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு விதவையான ஏ. லலிதா, 1943-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து முடித்து, இந்நாட்டின் முதற்பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். தந்தை அக்கல்லூரியிலேயே ஆசிரியர். பின்னாளில் கல்கத்தாவில் லலிதா வேலை பார்த்தபோது குழந்தையைக் காக்க உறவினர் இருந்தனர். அவருடைய அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவைக் காத்து நின்ற கைகளும் இருந்தன. அத்தகைய உறவு வாய்க்காதவருக்கு நிறுவனமே உறவாக வேண்டும் என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நான்சி ஹாப்கின்ஸ் என்னும் உயிரியல் பேராசிரியை, தமக்குப் போதிய இடம் மறுக்கப்பட்டபோது, அளவுநாடாவை எடுத்துச் சென்று ஆய்வுக்கூடங்களின் தரையையே அளந்தார். அதிலிருந்து தொடங்கிய விசாரணையின் அறிக்கை 1999-இல் வெளிவந்தது. இளம் ஆசிரியைகள் தம்மைத் துறை ஆதரிப்பதாகவே கருதினர். நிரந்தரப் பதவி பெற்று மேலேறியவர்களே ஓரங்கட்டப்பட்டிருந்தனர் என்று அது காட்டிற்று. அநீதி வாசலில் மறித்து நிற்பதில்லை, உள்ளே நெடுந்தூரம் நடந்தவளுக்காகக் காத்திருக்கிறது என்னும் இவ்வுண்மை என்னை மிகவும் வருத்துகிறது. நம் நாட்டிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-இல் ‘கதி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, நிறுவனங்கள் தம்மைத் தாமே அளந்து பார்க்க அழைத்தது. அளப்பது நல்ல ஆரம்பம். அளந்ததைத் திருத்துவதற்கு ஆணை வேண்டும்.

ஆகவே, கல்லூரிக் குழுக்களில் அமர்ந்து கையெழுத்திடும் பெரியோர்களே, அடுத்த பேராசிரியைக்கு நியமன உத்தரவு எழுதும்போது, அவருக்கு எத்தனை சதுர அடி ஆய்வுக்கூடம், மகப்பேற்றுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் சென்ற ஆண்டுகள் பதவி உயர்வுக் கணக்கில் எவ்வாறு கழிக்கப்படும், குழந்தைகள் காப்பகம் எந்தக் கட்டடத்தில், மாலை எத்தனை மணிக்குமேல் துறைக் கூட்டம் நடைபெறாது என்பவற்றையும் அதே தாளில் எழுதி, அதன் கீழே உங்கள் பெயரை இடுங்கள்.