பேணுதலும் பற்றும்

திருவிழாச் சேவைக்குத் திரண்டிருக்கும் அடியார்களில், சென்ற ஆண்டு உடன் வந்த ஒருவரை இழந்து இவ்வாண்டு தனியே வந்தோரும் இருப்பர். அன்னார்க்கே இச்சிறு கட்டுரையை விண்ணப்பிக்கிறேன்.

அடியேன் ஒரே புதல்வனை 22 வயதில் பறிகொடுத்தவன். தீட்டு நாட்கள் கழிந்து சந்நிதிக்குத் திரும்பினேன். கைகள் அர்ச்சித்தன, மனம் உடன் வரவில்லை. ஆன்மா அழிவற்றது என்று கீதையைக் காட்டிப் பிறர்க்குப் பலகால் உரைத்த நாவுக்கு, அதனைத் தனக்குச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. அந்நாளில் வாடிப்பட்டியை அடுத்து வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தாயற்ற கிடாரிக் கன்றொன்றைக் கொணர்ந்து, "சாமி, இதுக்கும் யாருமில்லை" என்று விட்டுச் சென்றார்.

விரலைப் பாலில் தோய்த்து அதன் வாயில் வைத்து, குடிக்கப் பழக்கினாள் என் இல்லாள். கன்று ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. வேளை தவறாமல் அதற்குப் பசித்தது. அப்பசி எங்களை எழுப்பியது, அடுப்பு மூட்டச் செய்தது, நாங்களும் உண்டோம். பெற்ற மனத்துக்குப் பேணுதல் பழக்கம். பேண ஒருவருமில்லாதபோது அப்பழக்கமே மனத்தைத் தின்கிறது. வாயில்லாச் சீவனின் பசி அதற்கு வேலை தருகிறது.

சீதாபிராட்டியைப் பிரிந்து கதறிய இராமபிரான், வழியில் குற்றுயிராய்க் கிடந்த ஜடாயுவைக் கண்டார். தம் துயரை ஒதுக்கி, அப்பறவைக்குத் தந்தைக்குச் செய்யுமாப்போலே ஈமக்கடன் ஆற்றினார். காஞ்சிக்கு அருகேயுள்ள திருப்புட்குழியே அவ்விடம் என்பது தலபுராணம். நம் அலங்காநல்லூர், பாலமேட்டுப் பகுதியிலும், கோயில் காளை மாண்டால் மாலையிட்டு, மேளம் முழங்க, ஊரே கூடி அடக்கம் செய்கிறது. அவ்வுள்ளமும் இவ்வழி வந்ததே.

ஆயின் ஓர் ஐயம் எழும். மானை வளர்த்த பரதர் மானாகவே பிறந்தார் என்று ஸ்ரீமத் பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தம் கூறுகிறதே. துயரை ஆற்றப் புகுந்து புதிய விலங்கைப் பூட்டிக்கொள்வது தகுமோ?

இவ்வையம் எனக்கு ஏட்டில் எழவில்லை. ஒருநாள் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. இரவெல்லாம் அதனருகே இருந்தவன், விடியலில் சந்நிதி திறக்க நேரம் தவறினேன். திருக்கதவின்முன் அடியார்கள் காத்து நின்றனர். நித்திய கர்மங்களை நெகிழவிட்ட பரதர் அப்போது நினைவுக்கு வந்தார்; நடுங்கினேன்.

இரகுவம்சத்துத் திலீபனோ, பிள்ளையில்லாத் துயரோடு நந்தினிப் பசுவை 21 நாட்கள் தொண்டனாய்ப் பின்தொடர்ந்தான். அது நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான். சிங்கம் பற்றியபோது தன்னுடலையே ஈடாகத் தர முன்வந்தான். ஆயினும் அதனைத் தன்னதென்று கருதவில்லை. குருவின் பசு என்றே காத்தான். பரதரைப் பிணித்தது கருணையன்று. 'என் மான்' என்னும் மமகாரம். எல்லா உயிர்களும் எம்பெருமானுக்கே சேஷம் என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய நெறி. நாம் காவலர், உடையவன் அவன்.

கன்று வளர்ந்து பருவமெய்தியதும் பெரியவரிடமே ஒப்புவித்தோம். கண்ணீர் வந்தது, ஆயினும் கை தளரவில்லை. புதல்வனையும் உடையவனிடம் ஒப்புவிக்க அன்றுதான் கற்றேன்.

அன்பர்களே, ஊர் திரும்பியதும் ஒரு பிடி புல்லோ, பறவைக்கு ஒரு கலயம் நீரோ வைத்துப் பாருங்கள். துயர் ஒருநாளில் அகலாது. மறுநாள் எழுவதற்கு ஒரு காரணம் கிட்டும். எம்பெருமான் துணை நிற்பானாக.

சுபம்.