நல்ல காரணங்கள்

குற்றாலத்துப் பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே தலையில் விழுமானால் அதன் கீழ் யாரும் நிற்க முடியாது. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் பிறகே கீழே இறங்குகிறது. சீசன் நாளில் அங்கே நிற்பவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். யார் முதலாளி, யார் மூட்டை தூக்குகிறவர் என்று சொல்ல முடியாது. ஈர வேட்டிக்கு அந்தஸ்து கிடையாது. ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தையே வீடாக்கிக்கொண்டவர், அவருக்கென்று தனியாக ஓர் அருவி இருந்ததில்லை. (பழத்தோட்ட அருவியை 'வி.ஐ.பி. அருவி' என்கிறார்களே, அது வேறு கதை.)

வேலியும் பெஞ்சும் உள்ள இடத்தைத்தான் நாம் பூங்கா என்கிறோம். குற்றாலம் வேலி போடாத பூங்கா. மனிதன் கைபடாத காடு அது என்று நான் வாதாடப் போவதில்லை. 1800-ஐ ஒட்டியே கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே தோட்டம் போட்டுக் கிராம்பும் ஜாதிக்காயும் வளர்த்துப் பார்த்தார்கள். கைபட்ட இடம்தான். ஆனால் எல்லோருக்குமான இடம்.

இப்படி எல்லோருக்குமான ஓர் இடத்தை அழிப்பவர் யார்? கெட்டவர்கள்தாம் என்று நினைத்துக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. சென்னையின் கதை வேறு மாதிரி சொல்கிறது. 1859-ல் கவர்னராக வந்த டிரெவெலியன், சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே மக்கள் பூங்கா என்று ஒன்றை ஏற்படுத்தினார். 116 ஏக்கர்; குளங்கள், பாட்டு மேடை, மிருகக்காட்சிசாலை. அந்த நிலத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் வேண்டுமென்று விக்டோரியா மண்டபம் வந்தது. சந்தை வேண்டுமென்று மூர் மார்க்கெட் வந்தது. நகரசபைக்கு இடம் வேண்டுமென்று 1913-ல் ரிப்பன் மாளிகை எழுந்தது. விளையாட்டரங்கமும் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது அந்த மனை ரயில்வேக்குப் போயிற்று. அதே ஆண்டு மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. இவற்றில் எதை வேண்டாமென்று சொல்வீர்கள்? ஒவ்வொன்றும் நல்ல காரியம். நல்ல காரியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பூங்காவைத் தின்று தீர்த்துவிட்டன.

இடம் கேட்டு வருகிறவருக்கு முகம் இருக்கிறது, மனு இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. இழக்கப் போகிறவர் இன்னும் பிறக்கக்கூட இல்லை. அவருக்காக யார் 'மாட்டேன்' என்று சொல்வது? தர்ம சங்கடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குற்றாலத்திலும் வந்து நிற்கிற காரணங்கள் நல்லவையே. கூட்டம் பெருகிவிட்டது, கார் நிறுத்த இடம் வேண்டாமா? வயதானவர்கள் தங்க விடுதி வேண்டாமா? விடுதி வந்த பிறகு, கூட்டத்தில் இடிபடாமல் குளிக்க ஆசை வருகிறது. ஓடிவரும் நீரைத் திருப்பிச் சிமெண்டுப் பாறையில் விழ வைத்துத் தனி அருவி காட்டும் அளவுக்கு அந்த ஆசை வளர்ந்தது. அப்படிச் செய்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊருக்கு வர வேண்டிய தண்ணீர் வழியிலேயே ஒருவருடையதாகிவிடுகிறது. இதை மட்டும் நல்ல காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மலைக்கும் இப்போது பழைய நிதானம் இல்லை. காட்டு மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் மழை நின்ற பின்னும் அருவி விழுகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. இனி வெள்ளம் புரண்டு ஓடவும் ஆற்றுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் நாம் காரை நிறுத்தப் பார்க்கிறோம்.

தென்காசி எவ்வளவு தூரம்? ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும். ரயில் அங்கேதான் வருகிறது. விடுதிகளும் வண்டிகளும் அங்கே நிற்கட்டும். அருவிக்கு பஸ்ஸில் வரட்டும், முடிந்தவர்கள் நடக்கட்டும். இதற்கு எல்லோரையும்விட நியாயமான ஆட்சேபம் சீசன் கடைக்காரருடையது. மூன்று மாத வியாபாரத்தில் அவர் வருஷம் முழுவதும் சாப்பிட வேண்டும். கூட்டம் தென்காசியோடு நின்றுவிட்டால் நேந்திரங்காய் சிப்ஸை யார் வாங்குவார்கள்? பூங்காவைக் காப்பதன் செலவை அவர் தலையில் கட்டுவது அநியாயம். பஸ் நிற்கிற இடத்தில் அவருக்குக் கடை கொடுக்க வேண்டும். வியாபாரம் குறைந்தால் அந்தக் குறையைக் குளிக்க வருகிற நாம் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தலைக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றால் முதலில் முணுமுணுக்கப் போகிறவர்கள் காரில் வருகிறவர்கள்தாம்.