மொய்யும் தானமும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தார் மொய் விருந்து வைத்தனர். உண்டவர்களுக்கு விலைச்சீட்டு தரப்படவில்லை. அவரவர் மனம்போல் இட்ட பணம் வயநாட்டு நிலச்சரிவில் அனைத்தையும் இழந்தோருக்கென ஒதுக்கப்பட்டது. இதற்கு முன்னரே, 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின், கேரளத்துத் தனியார் பேருந்துகள் பல ஒரு நாள் வசூலை நிவாரண நிதிக்கு அளித்ததுண்டு. இச்செய்திகளைப் படித்துத்தானோ என்னவோ, நம் கூட்டேரிப்பட்டில் இரண்டு வேன்களைக் கொண்டு தல யாத்திரை நடத்திவரும் இளைஞர் ஒருவரும் ஓர் அறிவிப்புத் தாளை அச்சிட்டார். சிரவணபெளகொள யாத்திரையில் டீசல், சுங்கம், ஓட்டுநர் படி போக எஞ்சுவது அனைத்தும் வயநாட்டுக்கே என்பது அதன் செய்தி. தாளின் தலைப்பில் அவருடைய பெயர் பெரிய எழுத்துகளில் இருந்தது.

அதைக் கண்டதும் நாம் சொன்ன சொல், "இது தானமன்று, விளம்பரம்" என்பதே. பல்லாண்டு கரும்பலகை முன் நின்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எளிதில் போவதில்லை. நம்மிடம் காரணமும் இருந்தது. பயன் கருதும் வேண்டுதலை நிதானம் என்று பெயரிட்டு, மாயை, மித்தியாத்துவம் ஆகியவற்றோடு சேர்த்து மூன்று சல்லியங்களுள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் வைத்தனர். சல்லியம் என்பது உள்ளே தைத்த முள். பிறர் துயரைச் சொல்லி வேனில் இருக்கைகளை நிரப்புவோரின் உள்ளத்தில் அம்முள் இராதா? மேலும், பயணமும் பேரிடரும் சேரும்போது வேறொரு அருவருப்பும் எழுகிறது. முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்களில், வேடிக்கை பார்க்க வரவேண்டாம் என்று கேரளக் காவல்துறையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆகவே யாத்திரைக்கு நாம் பெயர் கொடுக்கவில்லை. நம்மைப் பார்த்து இன்னும் நால்வர் விலகினர் என்று பின்னர் அறிந்தோம்.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்து, மேலே நகராமல் நின்றது. நம் அண்டை ஊராகிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர். அரிசிப் பானையும், பயிற்சிப் பள்ளிக் காலத்திலிருந்து காத்த குறிப்பேடுகளும் அதில் மிதந்தன. விளக்கு வைத்த நேரத்துக்குப் பின் யாரோ சிலர் தண்ணீரில் நடந்து வந்து உணவுப் பொட்டலங்களைத் தந்தனர். இரவு உண்ணாமை நம் வழக்கம். எந்த அடுப்பில், எதனோடு சேர்த்துச் சமைத்த உணவு என்பதும் தெரியாது. பொட்டலத்தை அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, உடன் தந்த வாழைப்பழங்களை மட்டும் விடியும்வரை வைத்திருந்து உண்டோம்.

உண்ணும்போது ஒன்று உறைத்தது. தந்தவர் யார், எதற்காகத் தந்தார், தம் கடையின் பெயரை எங்கேனும் எழுதினாரா என்று நாம் கேட்கவேயில்லை. எதைச் சமைத்தார் என்று மட்டும் எண்ணினோம். அது நம் விரதத்தைப் பற்றிய கேள்வி. அவருடைய உள்ளத்தைப் பற்றியதன்று. அக்குழந்தைகளோ எதையும் கேட்கவில்லை.

இதனால் கொடுப்பவரின் முள் இல்லாமற் போய்விடுமா என்றால், இல்லை. அது அவருள் இருக்கும். அதைப் பிடுங்க வேண்டியவரும் அவரே. புறத்தே நிற்கும் நாம் அதைக் கண்டுவிட்டதாகச் சொன்னதுதான் பிழை. ஆகஸ்டில் விலகிய நால்வரின் கட்டணத்தில் எஞ்சியிருக்கக்கூடிய தொகை சிறிதே எனினும், அது வயநாட்டுக்குப் போய்ச் சேராததற்கு நாமும் காரணம். அங்கே சுல்தான் பத்தேரியில் விசயநகரப் பாணியில் அமைந்த பழஞ்சினாலயம் உண்டு. கல்பற்றாவை அடுத்த புளியார்மலையில் அனந்தநாதர் கோயில் உண்டு. நிலச்சரிவு மாவட்டத்தின் ஒரு மூலையில்தான் நேர்ந்தது. ஆயினும் பயணிகள் வரவு மாவட்டம் முழுவதும் குன்றி, விடுதி நடத்துவோரும் வாடகை வண்டி ஓட்டுவோரும் வருவாய் இழந்தனர். பயணம் என்றாலே வேடிக்கை என்று நாம் எண்ணியது எவ்வளவு குறுகிய எண்ணம்!

மொய்யைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடியில் நடக்கும் மொய் விருந்து உண்மையில் ஒரு கடன்முறை. இட்டவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யவேண்டும். திண்டுக்கல்லில் இலைமுன் அமர்ந்தவர்கள் இட்ட மொய்யைத் திருப்பித் தர வயநாட்டில் எவரிடமும் நோட்டு இல்லை. அது பிரியாணி உணவகம். அங்கே நாம் உண்ணமாட்டோம். ஆயினும் திரும்பி வாராது எனத் தெரிந்தே இட்ட பணத்தில் நிதானத்தைத் தேடுவது கடினம்.

2025 தை மாதத்தில் அவ்விளைஞர் பொன்னூர்மலை, திருமலை யாத்திரை ஒன்றை நடத்தினார். இம்முறை எஞ்சியது நம் பகுதியில் வீடிழந்தோருக்கு. நாமும் போய்வந்தோம். முடிந்தபின் வரவு செலவுத் தாளை எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி நம்மிடம் கொண்டுவந்தார். நிவாரணத்துக்கு இரண்டு இடங்களில் றன்னகரம் போட்டிருந்தார், திருத்தினோம். தலைப்பில் பழையபடியே அவர் பெயர் பெரிதாக இருந்தது. "தம்பி, இதைக் கொஞ்சம் சிறிதாக்கினால் என்ன?" என்றோம்.

"சின்னதாப் போட்டா, கணக்குல சந்தேகம்னா யாரைத் தேடி வருவாங்க டீச்சர்?" என்றார்.

பெயரை அப்படியே விட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.