குளிரும் போர்வையும்





இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. இரண்டு பின்னல் ஊசிகளும் ஓர் உருண்டைக் கம்பளி நூலுமே அது. இதில் தம்மம் எங்கே இருக்கிறது என்று தாங்கள் வினவலாம். யானும் ஒரு காலத்தில் அவ்வாறு நினைத்தவனே. எனக்கு அதைக் காட்டியவள் பள்ளிக்கூடத்தை அதிகம் பாராத என் தங்கை. என் அறியாமை வெளிப்பட்ட கதையாதலின் சொல்லக் கூச்சம் உண்டு. ஆயினும், பிறர் குற்றத்தை எடுத்துச் சொல்லும் வாய் தன் குற்றத்தையும் சொல்லப் பழகவேண்டும் அன்றோ?

நம் திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்றால், ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் பொன்முடி மலை. கல்லாற்றைக் கடந்தபின் கொண்டையூசி வளைவுகள் இருபத்திரண்டு. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். கீழே நாம் வியர்வையில் நனைந்திருக்கும் வேளையில் அங்கே மஞ்சு இறங்கிப் பக்கத்து வீட்டை மறைத்துவிடும். அம்மலைச் சரிவில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் என் தங்கை வாழ்கிறாள். கொழுந்து கிள்ளியே முதுகு வளைந்தவள். விடியலில் அடுப்பு மூட்டிக் கட்டன்காப்பி வைப்பாள். மரச்சீனி அவித்துக் காந்தாரி மிளகாயை நசுக்கி வைப்பாள். மாலையில் காலில் ஏறிய அட்டைகளை உப்பிட்டு உதிர்த்துவிட்டு, விறகடுப்பின் அருகே அமர்ந்து கம்பளி பின்னுவாள். அக்கலையை இளம் வயதில் லயத்து மூதாட்டி ஒருத்தியிடம் கற்றாள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், அவள் கணவர் நெஞ்சு நோயால் மறைந்தார். அவருக்கென்று அவள் ஒரு சுவெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். முதுகும் மார்பும் ஒரு கையும் முடிந்துவிட்டன. மற்றொரு கை மட்டும் மிச்சம். அதை அப்படியே ஊசிகளோடு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

துக்கத்திற்குச் சென்ற யான் என்ன செய்தேன்? ஆலை வேலையை விட்டு அறவுரை கூறப் புகுந்த புதிது. படித்ததையெல்லாம் கொட்டிவிடும் ஆர்வம். அநித்தியம், துக்கம், அநாத்மம் என்று ஒரு மணி நேரம் அவள் எதிரில் அமர்ந்து விளக்கினேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடிவில், "அண்ணாச்சி, குளிருது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே எழுந்துபோனாள். யான் சொன்னவற்றுள் ஒரு சொல்லும் பொய்யன்று. எனினும், குளிரில் நடுங்கும் ஒருத்தியின் தோளில் போர்வை ஒன்றைப் போர்த்த எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவள் ஊசியைத் தொடவில்லை. மறுவருட மார்கழியில் சென்றபோது அடுப்பருகே அமர்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பிறந்த பிள்ளைக்குக் குல்லாவாம். நூலின் நிறத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அது அந்தச் சுவெட்டரின் நூல். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னும் அதை விடவில்லையா, தங்கச்சி? இது பற்று அல்லவா?" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்தேனே, அதுதான் அண்ணாச்சி பற்று. இப்போ அவிழ்த்துட்டேனே" என்றாள்.

அன்பர்களே! முப்பது ஆண்டு நூலோடு வாழ்ந்தவன் யான். ஆனால் ஆலையில் யான் கண்டது அறுந்த இழையை ஒட்டும் வேலை. தறியில் நெய்த துணி கிழிந்தால் கிழிந்ததுதான். ஊசிப் பின்னலோ அத்தகையதன்று. ஒரே நூல், முடிச்சில்லை, ஒரு கண்ணியின் வழியே அடுத்த கண்ணி இழுக்கப்படுகிறது. முன்னது நிற்பதால் பின்னது நிற்கிறது. இடையில் ஒன்று ஊசியினின்று நழுவினால் அதன் கீழுள்ளவை வரிசையாய் ஏணிபோல் இறங்கிவிடும். நுனியைப் பற்றி இழுத்தால் முழுதும் அவிழ்ந்து மீண்டும் நூலாகும். சார்பினால் தோன்றுவது சார்பு நீங்கினால் நீங்கும் என்று பகவன் அருளிய பன்னிரு நிதானத்திற்கு இதனினும் எளிய விளக்கத்தை யான் கண்டதில்லை.

அவிழ்த்த நூல் உடனே பயன்படாது. பழைய கண்ணிகளின் வளைவு அதில் சுருள்சுருளாய் நின்றுவிடும். அதைச் சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, அடியில் சிறிது கனம் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அப்போதுதான் சுருக்கம் நீங்கும். துக்கமும் அவ்வாறே. உடனே நேராகாது. அதற்கு நாள் வேண்டும், இளஞ்சூடும் வேண்டும். யானோ ஒரு மணி நேரத்தில் நேராக்கிவிட எண்ணினேன்.

'கம்பளியும் கட்டன்காப்பியும் உலக சுகங்கள் அல்லவா? துறவைப் போற்றும் சமயத்தில் இவற்றுக்கு என்ன இடம்?' என்று ஓர் உபாசகர் கேட்டார். விநயத்தில் மகாவக்கம் கூறும் செய்தியைக் கேளுங்கள். பிக்குகள் சிலர் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சீவர மூட்டைகளைச் சுமந்துவருவதை ததாகதர் கண்டார். இதற்கு ஓர் எல்லை வகுக்கவேண்டும் என்று எண்ணினார். வைசாலியில் கோதமக சேதியத்தருகே, பனி விழும் குளிர்கால இரவில், ஒற்றை ஆடையுடன் வெட்டவெளியில் அமர்ந்தார். முதல் யாமம் கழிந்தபோது குளிர்ந்தது. இரண்டாவது ஆடையைப் போர்த்தார். நடுயாமம் கழிந்தபோது மூன்றாவது. கடையாமம் கழிந்து கிழக்கு வெளுக்கையில் நான்காவது. குளிர் அடங்கியது. அதன் பின்னரே இரட்டை மடிப்புச் சங்காடி ஒன்று, மேலாடை ஒன்று, உள்ளாடை ஒன்று என மூன்று சீவரங்களை அனுமதித்தார். மடிப்பை எண்ணிப் பாருங்கள், நான்கே ஆகும்.

குளிரைப் பொறுத்துக்கொள் என்று அவர் கட்டளையிடவில்லை. விருப்பம்போல் போர்த்துக்கொள் என்றும் விட்டுவிடவில்லை. தாமே குளிரில் அமர்ந்து, மனிதவுடல் தாங்குவது எவ்வளவு என்று அளந்து பார்த்தார். பிறர் குளிரைத் தன் உடலில் உணர்ந்தபின் சட்டம் செய்தார். மத்திம மார்க்கம் என்பது இதுவே. தங்கையின் வீட்டில் யான் தவறியதும் இவ்விடத்திலேதான்.

கைத்தொழில் தம்மத்திற்குத் தடையா? ஆளவி நகரத்து நெசவாளியின் மகளை நினையுங்கள். பகவன் அந்நகரில் மரண சிந்தனையைப் பற்றி அருளிய உரையைக் கேட்டு, அதை மூன்றாண்டு விடாது பயின்றவள் அப்பெண் ஒருத்தியே. அவளுக்காகவே முப்பது யோசனை நடந்து பகவன் மீண்டும் வந்தார். அன்று தந்தை, 'தறியில் ஒரு சாண் துணி மிச்சம். தார் சுற்றிக் கொண்டுவா' என்று சொல்லியிருந்தார். அவள் தாரைச் சுற்றி முடித்தே புறப்பட்டாள். அதுவரை ததாகதர் பேசாது காத்திருந்தார். தார்க்கட்டை சுற்றும் ஒரு பெண்ணுக்காக உலக நாயகர் காத்திருந்தார் என்பதை ஆலைத் தொழிலாளியாகிய யான் எத்தனை முறை படித்தும் கண் கலங்காமல் இருந்ததில்லை. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அவர் வினவியபோது அறியேன் என்றாள். அறியாயோ என்றபோது அறிவேன் என்றாள்; அறிவாயோ என்றபோது அறியேன் என்றாள். கூட்டத்தார் சினந்தார்கள். இறப்பது உறுதி என்பதை அறிவேன், இறக்கும் நாளை அறியேன் என்று அவள் விளக்கியதும், இவளே கண்ணுடையவள் எனப் பகவன் பாராட்டினார். அன்றே தறிக்கட்டை மார்பில் தாக்கி அவள் இறந்தாள். கலங்கிய தந்தையைப் பகவன் தேற்றினார். அவரும் சங்கம் புகுந்தார். தார் சுற்றிய மூன்றாண்டும் அக்கை தியானத்தில்தான் இருந்தது.

நம் காலத்திலும் சான்றுண்டு. 1959 ஆம் ஆண்டு திபெத்தை விட்டுப் பனிமலை கடந்து வந்த பௌத்த மக்கள் வீடும் மடாலயமும் இழந்து வந்தனர். கையிலிருந்த தொழில் மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 2 ஆம் நாள் டார்ஜிலிங்கில் அகதிகள் சுயஉதவி நிலையம் ஒன்றைத் தொடங்கிக் கம்பள நெசவு முதலிய தொழில்களை வளர்த்தனர். அம்மக்களுட் பலர் சுவெட்டர் பின்னி விற்றுப் பிழைத்தனர். உதகையில் அவர்கள் கடைகளைத் தாங்கள் பார்த்திருக்கலாம். இன்று அத்தகைய கடைகளில் விற்பனவற்றுட் பல லூதியானாவின் இயந்திரங்கள் பின்னியவை. அதில் குற்றமில்லை, இயந்திரத்தைப் பழிக்க ஆலைச்சோறு தின்ற எனக்கு வாயில்லை. யான் சொல்வது இதுவே: பொருளைக் கடையில் வாங்கலாம், கை பெறும் அமைதியை வாங்க முடியாது.

பொன்முடிக்கு அப்பால் அதே மலைத்தொடரில்தான் நம் பொதியில் ஓங்கி நிற்கிறது. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று நம் புத்தமித்திரனார் வீரசோழியத்தில் பாடிவைத்தார். கருணையே உருவானவர் அவலோகிதர். அவரிடம் கற்ற மொழி என்று கூறப்படும் தமிழில் யான் என் தங்கைக்குக் கருணையில்லாமல் தம்மம் சொன்னேன் என்பதை எண்ண, தலை குனிகிறது.

ஆதலால், உபாசக உபாசிகைகளே! மனம் நொந்தவர் வீட்டிற்குச் செல்லும்போது முதலில் அவர் அடுப்பைப் பாருங்கள், எரியவில்லையேல் மூட்டுங்கள். கஞ்சி வையுங்கள். அநித்தியத்தைப் பிறகு பேசலாம். தங்கள் வீட்டுப் பெட்டியில் பூட்டிய பின்னல் ஏதேனும் உளதாயின் வெளியே எடுங்கள். முடிக்கத்தக்கதாயின் முடியுங்கள்; அன்றேல் அவிழ்த்துக் குளிரும் வேறோர் உயிருக்குப் பின்னிக் கொடுங்கள்.

சென்ற முறை மலையிறங்கும்போது தங்கை என் கையில் ஒரு கழுத்துத்துணி கொடுத்தாள். குல்லாவுக்குப்பின் மிஞ்சிய நூலாம். இவ்வூர் வெயிலில் அதை அணிய வழியில்லை. ஆயினும் ஒவ்வோர் உரைக்கும் செல்லுமுன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், எதிரே அமர்ந்திருப்போருக்குக் குளிருமே என்ற நினைவு வருவதற்காக.

எல்லா உயிர்களும் குளிர் நீங்கி, பயம் நீங்கி, நலமுற்று வாழ்வனவாக!