குன்றிமணியும் உருத்திராக்கமும்



அம்பாளின் சடங்குக் காலத்திலே ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து வரும் வியாபாரிகளுக்கு ஆலய வீதியில் இடம் அளந்து கொடுக்கும் பணி பல வருடங்களாக அடியேனிடம் உள்ளது. அவ்வாறு இடம் கொடுத்த கடையொன்றிலேதான் சென்ற வருடம் என் பேத்திக்குக் குன்றிமணி கோத்த கைமாலை ஒன்றை வாங்கினேன். "போட்டால் அதிர்ஷ்டம் வரும் ஐயா" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் நூல் அறுந்தது. "அப்பா, பிள்ளை மணியைக் கடிச்சிட்டாள்" என்று மகள் பதறி ஓடி வந்தாள். "குன்றிமணிதானே, ஒன்றும் செய்யாது" என்று சொன்னவனும் நானே. அன்றிரவு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு பிள்ளை சோர்ந்து விழுந்தாள். நான்கு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தோம். அம்பாளின் கிருபையாலும் வைத்தியர்களின் முயற்சியாலும் பிழைத்துக்கொண்டாள்.

குன்றிமணியின் உள்ளே அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. தோல் கடினமானபடியால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். கடித்தாலோ, மாலை கோப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ நஞ்சு வெளிவரும். இதற்கு மாற்று மருந்து இல்லை. குணங்குறிகள் சில மணித்தியாலங்கள் கழித்தே தோன்றலாம். ஆகவே காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2011 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஈடன் புரொஜெக்ட் என்னும் தாவரத் தோட்ட நிலையம், தான் விற்ற இத்தகைய கைமாலைகளைத் திருப்பித் தருமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது.

நம் முன்னோர் குன்றிமணியை அறியாதவர்கள் அல்லர். பொற்கொல்லர் பொன் நிறுத்தது அதனால்தான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகவும் வைத்தார்கள். வள்ளுவப் பெருந்தகையோ கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்திலே, வெளியே செம்மையாகத் தோன்றி உள்ளே கருமையுடைய பொய் வேடத்தாருக்கு இம்மணியையே உவமையாக்கினார்.

அப்படியானால் மணி அணிவதே தவறா? இல்லை. சைவர்களாகிய நமக்குச் சிவசின்னமாகிய உருத்திராக்கம் உண்டு. நேபாளத்திலும் இந்தோனேசியாவிலும் விளையும் மரத்தின் விதை அது. சிவபெருமானின் திருக்கண்ணீரிலே தோன்றியதென்று புராணங்கள் போற்றும். நாவலர் பெருமான் (1822–1879) சைவவினாவிடையிலே உருத்திராக்கத்துக்கென ஓர் இயலே வகுத்தார். அங்கே அவர் செல்வம் சேரும், அதிர்ஷ்டம் வரும் என்று ஆசை காட்டவில்லை. மதுவும் மாமிசமும் நீக்கி ஆசாரத்தோடு இருப்பவரே அணியத் தக்கவர் என்றார். அணியும் மணிக்கு ஏற்ப நாம் நடக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இன்றோ ஒருமுக மணி என்று செதுக்கியும் ஒட்டியும் செய்த போலிகள் பெரும் விலைக்கு விற்கப்படுகின்றன. தண்ணீரில் அமிழ்ந்தால் அசல் என்பதும் நம்பத்தக்க சோதனை அன்று. எளிதிற் கிடைக்கும் ஐந்துமுக மணியே போதும். அதனைக் கையில் எடுத்து நூற்றெட்டு முறை திருவைந்தெழுத்தை ஓதுபவருக்கு அதிர்ஷ்டம் தேடி அலைய நேரமேது?

மெய்யடியார்களே, வழிபாடு என்பது பிறர் உயிரைக் காப்பதுமாகும். இவ்வருடம் முதல் ஆலய வீதியிலே குன்றிமணி கோத்த ஆபரணங்களுக்கு இடம் இல்லை என்று வியாபாரிகளிடம் சொல்லியே இடம் அளப்பேன். வீட்டில் அத்தகைய மாலை இருந்தால் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அகற்றிவிடுங்கள். அறியாமையால் தவறியவன் என்ற உரிமையோடு கேட்கிறேன்.

எல்லோரும் அம்பாளின் திருவருள் பெற்று நோயற்று வாழ்வோமாக.

சுபம்.