கதவு திறந்த இசையறை

புது வீடு கட்டுகிறவர்கள் பலர் இப்போது இசைக்கென்று ஓர் அறை ஒதுக்குகிறார்கள். சந்தோஷமான விஷயம். சுவருக்கு என்ன நிறம், தஞ்சாவூர் ஓவியத்தை எங்கே மாட்டுவது, வீணைக்குக் கண்ணாடி அலமாரியா மேடையா என்று பேச்சு தொடங்கும். எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு: அங்கே வாசிப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

சாமான் எதுவும் வைக்கும் முன் காலி அறையில் ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். வழவழப்பான டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர் என்றால் ஓசை மோதி மோதித் திரும்பும்; கமகங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியருக்கு, பேசுவது புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓசை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. நம் வீட்டில் அந்த வேலையைப் பவானி ஜமக்காளமும் புத்தகம் நிறைந்த அலமாரியும் கனத்த பருத்தித் திரையும் செய்துவிடும். நாலு பக்கமும் துணியால் மூடிவிடவும் கூடாது. தம்புராவின் ரீங்காரம் எழும்பாமலே போய்விடும்.

வீணையை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து நிற்பவை. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், ஸ்வரம் பிசகும். கண்ணாடிக்குள் பூட்டியும் வைக்க வேண்டாம். கைக்கு எட்டும் உயரத்தில், உறை போட்டு வைத்தால் போதும். எடுக்க இரண்டு நிமிடம் ஆகும் வாத்தியத்தை மனசு நாளைக்குத் தள்ளிப்போடும்.

எனக்குப் பெரிய கவலை கதவைப் பற்றித்தான். ஓசை வெளியே போகாதபடி அடைத்த அறைதான் இன்று பலரும் கேட்பது. ஆனால் நம் சங்கீதம் வீட்டுக் கூடத்தில் வளர்ந்தது. அக்கா சரளி வரிசை பாட, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தம்பிக்கு அது தானாக வந்தது. "ஸ்ருதி விலகுது பாரு" என்று அடுப்படியிலிருந்தே அம்மா குரல் கொடுப்பாள். கேள்வி ஞானம் என்ற செல்வம் மூடிய கதவைத் தாண்டி வராது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் கூச்சமும் எனக்குப் புரிகிறது. ஐம்பது வயதில் முதன்முதலாகக் குரலெடுக்கும் ஒருவருக்கு, யாரும் கேட்காத இடம் வேண்டும்தான். அடுக்குமாடியில் மிருதங்கம் என்றால் அண்டை வீட்டாரின் தூக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே கதவு இருக்கட்டும், பகலில் திறந்திருக்கட்டும். மாடி மூலையைவிட, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சின்ன அறையே எனக்கு உசத்தி.

அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நாற்காலி வாங்குங்கள். வாசிக்கிறவர் தரையில் உட்காரட்டும். நாற்காலி, கேட்க வருகிற பாட்டிக்கோ தாத்தாவுக்கோ. எழுந்திருக்கப் பிடிமானமாகக் கைகள் வேண்டும், ஆனால் நல்ல அகலமாக இருக்கட்டும். தொடையில் தட்டித் தாளம் போட இடம் வேண்டுமே.