பார்க்காத முதல் அடி

மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் பொய்யை நாங்கள் பெரும்பாலும் பொய்யாகவே கணக்கிலெடுப்பதில்லை. ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதை வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு மறைக்கிறார்கள். இங்கே வேலை பறிபோனதை அந்த மகன் அம்மாவுக்கு மறைக்கிறான். இரண்டு பக்கமும் ‘எல்லாரும் சுகம்’ என்று சொல்லித்தான் தொலைபேசியை வைக்கிறார்கள். புலம்பெயர்ந்த எமது வீடுகளில் இத்தகைய பொய் ஒன்றுமே இல்லாத வீடு இருக்குமென்று நான் நினைக்கவில்லை. அவற்றுள் மிகச் சிறியதும், மிகுந்த அன்போடு சொல்லப்படுவதுமான ஒரு பொய்யைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்.

பகல் முழுவதும் பிள்ளையோடு நிற்பவர் அம்மம்மாவாக இருக்கலாம். காசுக்குப் பிள்ளை பார்ப்பவராகவும் இருக்கலாம். ஒருநாள் பிள்ளை கதிரையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு இரண்டடி நடக்கிறது. அவர் அதைக் காண்கிறார். ஆனால் வேலையால் வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ அதைச் சொல்வதில்லை. பெற்றவர்கள் தாங்களாகவே காணட்டும், தாங்கள் காண்பதையே முதல் அடி என்று நினைத்துச் சந்தோசப்படட்டும் என்று விட்டுவிடுகிறார். இந்த நாட்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களிலும் இப்படிச் செய்பவர்கள் உண்டு. இது சரியா என்பதுதான் என் கேள்வி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி, முடிக்காமல் வந்தவன் நான். இங்கு வந்த நாள்முதல் ரெஸ்ரோரண்ட் வேலைதான். கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது அடுப்படியில் நிற்கிறேன். ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. டொக்டரின் அறையில் வந்தது.

ரொறன்ரோவின் கிழக்கு எல்லையில், ரூஜ் பகுதியில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறோம். ஆற்றைத் தாண்டினால் பிக்கரிங். பின்னேரம் மூன்று மணிக்கு நான் வெளிக்கிட்டால், அடுப்பைத் துடைத்து, நிலம் கழுவி, இரவு பஸ் பிடித்து வீட்டுக்கு வர இரண்டு மணியாகும். அப்போது பிள்ளை நித்திரை. காலையில் பிள்ளை எழும்பும்போது நான் நித்திரை. திங்கட்கிழமை மட்டும் எனக்கு லீவு. பிள்ளைப்பேற்றுக்கென்று சுப்பர் விசாவில் வந்த மாமியும் மனைவியும்தான் மற்ற நாட்களில் அவனைப் பார்த்தார்கள்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 2009ஆம் ஆண்டிலிருந்து 18 மாதப் பிள்ளைகளுக்கென்று ஒரு விசேட பரிசோதனை உண்டு. பெற்றோர் ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பிக்கொடுக்க, டொக்டர் அதை வைத்துப் பேசுவார். எப்போது நடக்கத் தொடங்கினான் என்று அவர் கேட்டார். பிறந்தநாளுக்குப் பிறகு வந்த முதலாவது திங்கட்கிழமை என்று நான் உடனே சொன்னேன். அன்று சோபாவிலிருந்து என்னை நோக்கி அவன் நாலடி வைத்ததை என் கண்ணால் கண்டவன் அல்லவா! மனைவி குனிந்து பிள்ளையின் சப்பாத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அன்றிரவு மாமிதான் வாய் திறந்தார்.

“தம்பி, அவன் அதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே நடந்திட்டான். நீங்கள்தான் முதல் பாக்கவேணுமெண்டு சொல்லாமல் விட்டனாங்கள். குறை நினையாதையுங்கோ.”

மருத்துவத்துக்கு இந்த இரண்டு கிழமை ஒரு பொருட்டே அல்ல. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகளின் அசைவுகளை அவதானித்து 2006இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. அதன்படி, தானாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் எப்போதும் நிகழலாம். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்ட பிள்ளைகள் 4.3 வீதம். அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே என் பிள்ளைக்கு இந்தப் பொய்யால் ஒரு கெடுதியும் இல்லை. அப்படியானால் இதில் என்ன பிழை?

வள்ளுவரிடம் போனால் மாமியின் பக்கம் தீர்ப்பு வரும்போலத்தான் தெரியும். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் வாய்மை அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். இதற்கு நேரெதிர் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ற். 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் வாசலில் நின்று கேட்டாற்கூடப் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்றார். சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த எம்மில் எவரும் கான்ற்றோடு ஒத்துப்போக முடியாது. உள்ளே ஆளில்லை என்று யாரோ சொன்ன ஒரு பொய்யால் உயிரோடிருப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நான் வள்ளுவர் பக்கமே நிற்கிறேன். ஆனால் அவர் போட்ட நிபந்தனையை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். நன்மை கிடைத்தால் மட்டும் போதாது. அந்த நன்மையில் குற்றம் இருக்கக்கூடாது. அந்த நன்மைக்கான விலையை யார் கொடுத்தார் என்று பார்த்தால்தான் குற்றம் உண்டா இல்லையா என்பது தெரியும்.

முதலாவதாக, விலை கொடுத்தவர் மாமி. பேரன் நடந்ததைக் கண்ட ஒரு கிழவி என்ன செய்வாள்? கை தட்டுவாள், அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவாள், ஊருக்குப் போன் எடுப்பாள். மாமி அந்தச் சந்தோசத்தை இரண்டு கிழமை வாய்க்குள் வைத்திருந்தார். பிறகு அந்தத் திங்கட்கிழமை, ஏற்கெனவே கண்ட ஒன்றை இப்போதுதான் காண்பவர்போல் அதிசயப்பட்டும் காட்டினார். தன் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆறு மாதம் குளிரும் நாட்டில், நிலத்துக்குக் கீழே வந்து இருக்கும் ஒரு பெண்ணுக்கு இங்கே சொந்தமென்று கிடைப்பவை மிகச் சில. அவற்றில் ஒன்றைத்தான் அவர் எனக்குத் தந்துவிட்டார். அன்பளிப்பைத் தந்தவர் யாரென்று தெரியாமலே நான் அதை வாங்கி வைத்திருந்தேன். கண்டவர் கண்டேன் என்று சொல்ல முடியாத ஒரு வீட்டில், அந்த நன்மை குற்றமற்றது என்று எனக்குப் படவில்லை.

இதை மாமியிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. என் மனைவி 1994இன் கடைசியில் பிறந்தவள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் எழும்பி நடந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாமி தென்மராட்சிக்குப் போனார். மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், பாய் விரித்திருந்த சனத்துக்கு நடுவில், அவள் முதன்முதலாக நடந்தாள். மாமா அப்போது வன்னியில் அகப்பட்டிருந்தார். அடுத்த வருடம் அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை ஓடித் திரிந்தது.

“நான் அவருக்குச் சொன்னனான். எந்தத் தூணடி, ஆற்ற பாயில போய் விழுந்தவள், என்ன சட்டை போட்டிருந்தவள் எண்டு எல்லாம் சொன்னனான். திருப்பித் திருப்பிக் கேட்பார். கடைசியில அவரே ஆக்களுக்குச் சொல்லத் தொடங்கிட்டார், தான் நிண்டு பாத்தமாதிரி.”

மாமா பொய் சொன்னாரா? அவர் அங்கே நிற்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த முதல் அடி அவருடையதாகிவிட்டது. பார்த்தவர் மறைக்காமல் கொடுத்தார், பார்க்காதவர் வெட்கப்படாமல் கேட்டு வாங்கினார். என் விசயத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டாவதோ இருபதாவதோ அடி. மேலே ‘முதல்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மாமாவுக்கு, காணாமற்போனாலும், உண்மையான முதல் அடி கிடைத்தது. இரண்டில் எது பெரியது என்று யோசித்தால், மாமி தன் புருசனுக்குச் செய்ததே பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

எமது மரபும் இதையே அறிந்திருந்தது. பிள்ளைக்கு முதற்பல் எப்போது முளைத்தது என்று எவரும் காவலிருந்து பார்ப்பதில்லை. பால் குடிக்கும்போதோ சோறு தீத்தும்போதோ தாயின் விரலில் தட்டுப்படும், அவ்வளவுதான். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, இனசனத்தைக் கூப்பிட்டு, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் செருகிய கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையில் கொட்டுகிறோம். புத்தகமும் பேனையும் நகையும் பரப்பி வைத்து, எதை எடுக்கிறது என்று பார்க்கிறோம். பல்லு வந்த நாள் வேறு, பல்லுக்கொழுக்கட்டை நாள் வேறு. இரண்டையும் யாரும் போட்டுக் குழப்புவதில்லை. வந்த செய்தியை மறைக்காமல் சொல்லி, வரமுடிந்தவர்கள் எல்லோரும் வந்து சேரும் நாளில் கொண்டாடும் வழி இது. முதல் அடிக்கும் இந்த வழியே போதும்.

பிள்ளைத்தமிழையும் யோசித்துப் பாருங்கள். தவழ்வதற்கு முன் ஒரு காலை மடக்கித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை தட்டும் சப்பாணி, நடந்து வா என்று அழைக்கும் வருகை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகிறது அது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது அரியணையில் இருந்த குலோத்துங்க சோழனை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடியது மதுரை மீனாட்சியை. இவர்கள் யாரும் அந்தக் குழந்தையைக் கண்டவர்கள் அல்லர். காணாதவன் சொல்லினால் பெற்றவனாக முடியும் என்ற துணிவு இல்லாவிட்டால் இப்படியொரு இலக்கியம் தமிழில் உண்டாகியிருக்காது.

அந்தப் பொய் இன்னொருவரையும் காப்பாற்றுகிறது. அவர் என் முதலாளி. பிள்ளை பிறந்தால் தகப்பனும் வேலைக் காப்புறுதிப் பணத்தில் வீட்டில் நிற்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். 1990இல் 10 வாரமாகத் தொடங்கிய பெற்றோர் கொடுப்பனவு, 2000 டிசம்பர் 31இலிருந்து பிறந்த பிள்ளைகளுக்கு 35 வாரமாகியது. 2019 மார்ச்சிலிருந்து இருவரும் பகிர்ந்து எடுத்தால் இன்னும் 5 வாரம் உண்டு. ஒருவரே எடுத்தால் அந்த 5 வாரம் இல்லாமற் போய்விடும். கொடுப்பதோ ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தின் 55 வீதம். அதற்கு முந்திய ஒரு வருடத்தில் கணக்கில் காட்டப்பட்ட 600 மணித்தியால வேலை வேண்டும். நான் வாரம் 50 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கிறேன். கடதாசியில் இருப்பது 15. மிச்சம் கையில் காசாக. 600 மணித்தியாலம் எப்படியோ எட்டினாலும், 55 வீதம் என்பது அந்தக் கடதாசிச் சம்பளத்துக்குத்தான். அதில் பேஸ்மென்ற் வாடகைகூடக் கட்ட முடியாது. முழுதும் காசுக்கே நிற்கும் பெடியளுக்கு அதுவும் இல்லை. அந்த 5 வாரம் சட்டத்தில் எழுதியபடியே கிடந்தது.

முதல் அடியை நான் கண்டேன் என்று நம்பியிருந்த ஆறு மாதமும் இதைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. ஒன்றும் இழக்கவில்லை என்று நினைப்பவன் எதற்காகக் கேட்கப்போகிறான்? அன்புள்ள பொய் துக்கத்தை மறைக்கும்போது துக்கத்தின் காரணத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. இதுதான் அதன் இரண்டாவது விலை. அதை நான் மட்டுமல்ல, என்னோடு அடுப்படியில் நிற்கும், இனிமேல் பிள்ளை பெறப்போகும் எல்லோரும் கொடுக்கிறோம்.

மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். எல்லோருக்கும் எல்லா நேரமும் கேட்கும் பலம் இருப்பதில்லை. இரண்டு வேலை செய்து களைத்து வரும் ஒரு தாய்க்கு, வாசலிலேயே ‘இண்டைக்குப் பிள்ளை நடந்திட்டுது’ என்று பராமரிப்பு நிலையத்தில் சொல்வது கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கும். இதற்கு என்னுடைய பதில் எளிமையானது. பிள்ளையை ஒப்படைக்கும் முதல் நாளிலேயே கேட்டுவிடலாம்: இப்படி ஏதும் நடந்தால் உங்களுக்குச் சொல்லட்டுமா, விடட்டுமா? விடுங்கள் என்று அவளே சொன்னால், பிறகு சொல்லாமல் விடுவது பொய்யாகாது. அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக முடிவெடுக்கும்போதுதான் அது பொய்யாகிறது.

ஒருவன் தகப்பனாவது எந்த நொடியில்? மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் இன்பங்களைப் பாருங்கள். பிள்ளை உடம்பில் படுவது, மழலை காதில் விழுவது, அது கைவிட்டு அளைந்த கூழ். இவற்றில் ஒன்றுகூட ‘முதன்முதல்’ நிகழ்வதல்ல. எல்லாம் ஒவ்வொரு நாளும் நிகழ்பவை. உண்மையில் இரவு வேலை எடுத்துக்கொண்டது இந்த ஒவ்வொரு நாளையுந்தான். முதல் அடியைத் திருப்பித் தந்தாலும் அந்த நாட்களை யாராலும் திருப்பித் தரமுடியாது. அவற்றை இனிமேலாவது மீட்க வேண்டுமானால் மணித்தியாலக் கணக்கைத்தான் பேசவேண்டும். அதை நானும் இன்னும் இரண்டு பேரும் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

கடைசியாக, இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்க மறந்த ஒருவன் இருக்கிறான். நடந்தவன் அவன். எல்லாப் பிள்ளைகளையும்போல் அவனும் ஒருநாள் ‘நான் எப்ப நடந்தனான், ஆர் பாத்தது?’ என்று கேட்பான். அம்மம்மாவும் அம்மாவும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை என்று சொல்வேன். மாமியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கும் விபரங்கள் எல்லாவற்றையும் சொல்வேன். ‘நீங்கள் ஏன் பாக்கேல்லை?’ என்று அடுத்ததாகக் கேட்பான். அதற்குரிய பதிலும் அவனுக்குச் சொந்தமானது. முதலாவது கேள்விக்குப் பொய் சொல்லியிருந்தால், இந்த இரண்டாவது கேள்வியை அவன் கேட்கவே இடமிருந்திருக்காது.